விசுவாசமே சீதனம்
பிரகான்சா கத்தரீன் அரசியின் வாழ்க்கை வரலாறு



பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் படித்த எவருக்கும் ஒரு செய்தி நினைவிருக்கும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், போர்த்துக்கல் நாட்டு இளவரசியை மணந்தபோது பம்பாய்த் தீவு அவருக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது என்பதே அச்செய்தி. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் அது வருவதுண்டு. ஆனால் அந்த இளவரசியின் பெயர் என்ன? அவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தார்? புகுந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்? இவற்றை நாம் கேட்டதுமில்லை. யாரும் நமக்குச் சொன்னதுமில்லை. சீதனத்தை நினைவில் வைத்துக்கொண்டோம். பெண்ணை மறந்துவிட்டோம்!

செட்டிநாட்டுச் சீமையில் வாழும் நமக்குச் சீர்வரிசை என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. சீர் சாமான்களைப் பரப்பி வைத்து ஊரார் வந்து பார்வையிடும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். வெள்ளி எத்தனை, பித்தளை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் கண்கள், அந்தச் சாமான்களுக்கு நடுவே தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பெண்ணின் மனத்தை எட்டிப் பார்ப்பது அரிது. அப்படி ஒரு பெண்ணின் வரலாறுதான் இது. மேலும், மறவ நாட்டு மண்ணில் இரத்தம் சிந்திய நம் புனித அருளானந்தரின் வரலாற்றோடு இந்த அரசியின் குடும்ப வரலாறு பின்னிக் கிடக்கிறது. ஆகவே நம் யூபிலி மலரில் இவருக்கு ஓர் இடம் தருவது பொருத்தமே.

பிறந்த குடும்பம்

இளவரசி கத்தரீன் 1638-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அது அலெக்சாந்திரியா நகரத்து வேதசாட்சியான புனித கத்தரீனம்மாளின் திருநாள். ஆகவே குழந்தைக்கும் அப்பெயரே இடப்பட்டது.

தந்தையார் ஜான், பிரகான்சா என்னும் பெருங்குடும்பத்தின் தலைவர்; பிரபு. தாயார் லூயிசா, ஸ்பெயின் நாட்டு மெதினா சிதோனியா பிரபுவின் மகள். பிரகான்சா குடும்பம் அரச இரத்தம் கலந்த குடும்பம். கத்தரீனின் தந்தைக்குப் பாட்டியார், போர்த்துக்கல் மன்னர் முதலாம் மானுவேலின் பேத்தி ஆவார். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டை வந்து இறங்கியது இந்த மானுவேல் மன்னர் காலத்தில்தான். அவருடைய மகன் மூன்றாம் ஜான் மன்னர்தாம், முத்துக்குளித்துறை மக்களுக்கு ஞானத் தந்தையான புனித பிரான்சிஸ் சவேரியாரை இந்தியாவுக்கு அனுப்பி வைத்தவர். ஆக, கத்தரீனின் முன்னோர் பெயர்களை எழுதினால் அதில் பாதி நம் நாட்டுத் திருச்சபை வரலாறாகவே இருக்கும்.

கத்தரீன் பிறந்தபோது போர்த்துக்கல் சுதந்திர நாடாக இல்லை. 1580 முதல் 60 ஆண்டுகள் அது ஸ்பெயின் மன்னரின் ஆளுகைக்குள் இருந்தது. வரிச்சுமை தாங்காமல் மக்கள் குமுறினர். 1640-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், லிஸ்பன் நகரப் பிரபுக்கள் திரண்டெழுந்து ஸ்பானிய ஆட்சியைக் கவிழ்த்தனர். பிரகான்சா பிரபுவை நான்காம் ஜான் என்ற பெயரில் தங்கள் மன்னராக அறிவித்தனர். கத்தரீனுக்கு அப்போது வயது 2. பிரபுவின் மகளாகப் பிறந்த குழந்தை இளவரசியானாள்; அதே நாளில் அவள் குடும்பம் ஒரு பேரரசின் பகையையும் தேடிக்கொண்டது.

அன்னை மரியாவுக்குச் சூட்டிய மகுடம்

ஸ்பெயின் படையெடுத்தது. போர் 28 ஆண்டுகள் நீடித்தது. ஸ்பெயினின் செல்வாக்குக்கு அஞ்சிப் பிற அரசர்கள் பலர் ஒதுங்கினர். உரோமைத் திருப்பீடமும் புதிய மன்னரை உடனே ஏற்கவில்லை. ஆகவே புதிய ஆயர்களை நியமிக்க இயலாமல், போர்த்துக்கல்லிலும் இந்தியாவிலும் பல மறைமாவட்டங்கள் ஆயரின்றி இருந்தன.

இந்த இக்கட்டில் நான்காம் ஜான் மன்னர் செய்த காரியம் என்றும் நினைக்கத்தக்கது. 1646-ஆம் ஆண்டு மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, அவர் தம் நாடு முழுவதையும் அமல உற்பவ அன்னைக்கு ஒப்புக்கொடுத்தார். விலா விசோசா ஆலயத்து அன்னையே இனி போர்த்துக்கல்லின் அரசி என்று அறிவித்துத் தம் மகுடத்தை அவருக்கே உரியதாக்கினார். அதன் பிறகு போர்த்துக்கல் மன்னர் எவரும் தலையில் மகுடம் சூடியதில்லை. அமல உற்பவத்தைத் திருச்சபை விசுவாச சத்தியமாக அறிவித்தது 1854-இல். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. அன்று ஏழு வயதுச் சிறுமியாயிருந்த கத்தரீன், அரசுரிமைக்கும் மேலான உரிமை ஒன்று உண்டு என்பதைத் தந்தையின் செயலிலிருந்தே கற்றிருப்பாள் அல்லவா?

குடும்பத்தில் துயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1653-ஆம் ஆண்டு மே மாதம் மூத்த அண்ணன் தெயோதோசியு 19 வயதில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காள் ஜோவானாவும் மறைந்தார். 1656-இல் தந்தை காலமானார். அடுத்த தம்பி அபோன்சு, சிறு வயதில் கண்ட நோயால் உடல் ஒரு பக்கம் முடங்கியவர், அவரே மன்னரானார். கடைசித் தம்பி பேதுரு அப்போது எட்டு வயதுச் சிறுவன். கைம்பெண்ணான தாய் லூயிசாவே நாட்டையும் போரையும் குடும்பத்தையும் ஒருங்கே தாங்கினார்.

இந்தச் சிறுவன் பேதுருவின் விளையாட்டுத் தோழர்களில் ஒருவராக அரண்மனையில் வளர்ந்தவர்தாம் ஜான் தெ பிரிட்டோ, அதாவது நம் அருளானந்தர். 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் லிஸ்பனில் பிறந்த இவருடைய தந்தையை, நான்காம் ஜான் மன்னர் பிரேசில் நாட்டின் ரியோ தெ ஜனேரோவுக்கு ஆளுநராக அனுப்பினார். அங்கேயே அவர் இறந்துபோக, தந்தையை இழந்த பிள்ளை அரண்மனையில் இளவரசரின் ஏவலராகச் சேர்ந்தார். ஒரே அரண்மனையில் ஒரு பக்கம் திருமணத்துக்காகக் காத்திருந்த இளவரசி. மறு பக்கம் இந்தியாவையும் சவேரியாரையும் கனவு கண்ட ஏவற்சிறுவன்!

சீதனப் பேச்சு

கத்தரீனுக்கு ஏழு வயதாகும்போதே, இங்கிலாந்து இளவரசர் சார்லசுக்கு அவரைக் கொடுப்பதாகத் தந்தை பேச்சைத் தொடங்கியிருந்தார். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, சார்லசின் தந்தை 1649-இல் தலை வெட்டப்பட்டு இறந்தபோது அந்தப் பேச்சு நின்றது. நாடு கடந்து அலைந்த சார்லஸ் 1660-இல் திரும்பி வந்து அரியணை ஏறியதும், கடன் சுமையோடு நின்ற அவருக்குப் பணம் தேவைப்பட்டது. போர்த்துக்கல்லுக்கோ படைத்துணை தேவைப்பட்டது. ஒரு பக்கம் ஸ்பெயின். மறு பக்கம் கீழ்த்திசையில் ஒல்லாந்தர். கொழும்பு 1656-இலும், தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகியவை 1658-இலும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டன. இப்படி இரு தரப்பின் தேவையும் சேர்ந்து ஒரு பெண்ணின் வாழ்வை முடிவு செய்தது.

1661-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ரொக்கம் 20 இலட்சம் குருசாது. ஆப்பிரிக்காவின் வடமுனையில் தாஞ்சியர் துறைமுகம். இந்தியாவில் பம்பாய்த் தீவு. இவற்றோடு போர்த்துக்கல்லின் கடல்கடந்த துறைமுகங்களில் வாணிகம் செய்யும் உரிமைகள். இதுவரை எந்த இளவரசியும் இங்கிலாந்துக்கு இவ்வளவு பெரிய சீதனம் கொண்டுபோனதில்லை என்பார்கள். ஆனால் போரில் நொடித்துப்போன நாட்டில் ரொக்கத்துக்கு எங்கே போவது? பணத்தை அழைத்துப் போக வந்த ஆங்கிலத் தளபதியிடம், பெரும் பகுதிக்குச் சர்க்கரையும் பிற சரக்குகளுமே மூட்டை மூட்டையாக ஒப்படைக்கப்பட்டன. சீர் குறைந்தது என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே கப்பல் ஏறவேண்டிய நிலை அந்தப் பெண்ணுக்கு!

பம்பாய்த் தீவில் வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். அவர்கள் தங்கள் மறையைத் தடையின்றிப் பின்பற்றலாம் என்ற உறுதி மட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. இந்த ஒரு வரிக்காகவாவது நாம் நன்றியோடு இருக்கவேண்டும்.

1662-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கத்தரீன் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டார். தாயின் முகத்தை அதன்பின் அவர் பார்க்கவேயில்லை; லூயிசா அரசி 1666-இல் இறந்தார். அதே 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், ஏவலராயிருந்த பிரிட்டோ அரண்மனையைத் துறந்து இயேசு சபை நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். ஒரே ஆண்டில் இருவர் அந்த அரண்மனையை விட்டு வெளியேறினர். ஒருவரை நாடு அனுப்பியது. மற்றவரை இறைவன் அழைத்தார்.

புகுந்த வீடு

மே மாதம் இளவரசி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இறங்கினார். 1662 மே 21-ஆம் நாள் திருமணம் நடந்தது. முதலில் ஓர் அறையில் மறைவாகக் கத்தோலிக்க முறைப்படி; பிறகு சபையறிய ஆங்கிலிக்கன் முறைப்படி. தம் விசுவாசத்தின்படி செய்யாத மணம் மணமாகாது என்பதில் 23 வயதுப் பெண் உறுதியாக இருந்தார். பிற்காலத்திலும் ஆங்கிலிக்கன் சடங்கோடு கூடிய முடிசூட்டு விழா அவருக்கு நடக்கவேயில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அரசியாக இருந்தும் மகுடம் சூடாத அரசி அவர்! பிறந்த வீட்டில் தந்தை அன்னைக்காக மகுடத்தை விட்டார். புகுந்த வீட்டில் மகள் விசுவாசத்துக்காக அதை இழந்தார்.

மொழி தெரியாது, உடை வேறு, உணவு வேறு. அரண்மனைப் பெண்கள் அவர் கொண்டுவந்த அகலமான போர்த்துகீசியப் பாவாடையைப் பார்த்து நகைத்தனர். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. மன்னருக்கு ஏற்கெனவே பார்பரா என்னும் ஆசைநாயகி இருந்தாள். அவளையே அரசியின் அந்தப்புரப் பெண்களில் ஒருத்தியாக நியமிக்கவேண்டும் என்று மன்னர் பட்டியல் நீட்டினார். கத்தரீன் அந்தப் பெயரை அடித்துவிட்டார். பின்னர் சபையில் மன்னர் அவளைக் கைபிடித்து அழைத்துவந்து நிறுத்தியபோது, யாரென்று தெரிந்ததும் அரசிக்கு மூக்கில் இரத்தம் வழிந்தது, மயங்கி விழுந்தார்.

அதன்பின் மன்னர், உடன் வந்த போர்த்துகீசியப் பணிப்பெண்களையும் ஏவலரையும் ஏறக்குறைய அனைவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்நிய அரண்மனையில் தனித்து விடப்பட்ட இளம்பெண் கடைசியில் பணிந்தார். சிலர் இதைக் கோழைத்தனம் என்று எழுதினர். திரும்பிப் போகப் பிறந்த வீட்டில் இடமில்லாமல், தாம் திரும்பினால் நாட்டுக்கு வரும் படைத்துணையும் நின்றுபோகும் என்று அறிந்த ஒரு பெண் வேறென்ன செய்திருக்க முடியும்? அவர் கொடுத்த விலை வீண்போகவில்லை. ஆங்கிலப் படைகளின் துணையோடு போர்த்துக்கல் 1663-இலும் 1665-இலும் பெரும் போர்களில் வென்றது. 1668-இல் ஸ்பெயின் அதன் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது. திருப்பீடமும் ஏற்றது, காலியாயிருந்த மறைமாவட்டங்களுக்கு மீண்டும் ஆயர்கள் வந்தனர்.

பிள்ளைப் பேறு என்ற வரமும் அவருக்குக் கிட்டவில்லை. பலமுறை கருவுற்றும் கரு தங்கவில்லை. 1663-இல் கடும் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, தமக்குக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக எண்ணி அவர்களைப் பற்றி விசாரித்தாராம். மன்னர் படுக்கையருகில் அமர்ந்து அழுதார். பிள்ளையில்லாத அரசியைத் தள்ளிவிட்டு வேறு மணம் செய்யும்படி அமைச்சர்கள் பலமுறை தூண்டினர். ஒழுக்கத்தில் தவறிய அந்த மன்னர் இதில் மட்டும் அசையவில்லை. குற்றமற்ற மனைவியைத் தள்ள மறுத்துவிட்டார்.

கத்தரீன் எந்நேரமும் கண்ணீரும் கம்பலையுமாக இருந்தவர் என்று எண்ணவேண்டாம். நடனம் பிடிக்கும், சீட்டாட்டம் பிடிக்கும், வில்வித்தையும் மீன்பிடித்தலும் பழகினார். தேயிலை நீர் அருந்தும் பழக்கத்தை ஆங்கில அரண்மனையில் பரப்பியவரும் இவரே. தேயிலை அதற்கு முன்பே இலண்டனுக்கு வந்திருந்தாலும், அரசி அருந்தியதால்தான் அது பெரிய வீடுகளின் பழக்கமாயிற்று. இவர் பீடத்தில் ஏற்றப்பட்ட புனிதர் அல்லர். நம்மைப் போன்ற ஒரு கிறிஸ்தவப் பெண்.

ஆனால் திருப்பலியை அவர் விட்டதில்லை. இங்கிலாந்தில் அப்போது கத்தோலிக்கத் திருப்பலி சட்டப்படி குற்றம். அரசியின் சிற்றாலயத்திலும் வெளிநாட்டுத் தூதர்களின் சிற்றாலயங்களிலும்தான் அது வெளிப்படையாக நடந்தது. இலண்டன் நகரத்து ஏழைக் கத்தோலிக்கர் அரசியின் சிற்றாலயத்தை நாடி வந்தனர். சீதனமாக வந்த பெண், ஒடுக்கப்பட்ட ஒரு திருச்சபைக்குத் தம் கூரையின்கீழ் இடம் கொடுத்தார்.

பொய்ச் சாட்சி

1678-ஆம் ஆண்டு பெரும் புயல் வீசியது. டைட்டஸ் ஓட்ஸ் என்னும் ஒருவன், கத்தோலிக்கர் சேர்ந்து மன்னரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிட்டான். நாடே வெறிகொண்டது. அரசியின் மாளிகைப் பணியாளர்கள் மூவர், செய்யாத கொலைக்காக 1679 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டனர். பதினைந்துக்கும் மேற்பட்ட குற்றமற்றோர் இந்தப் பொய்க்குப் பலியாயினர். அயர்லாந்தின் ஆர்மா நகரப் பேராயர் ஆலிவர் பிளங்கெட் 1681 ஜூலை முதல் நாள் இலண்டனில் கொல்லப்பட்டார். 1975-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். திரு இருதய பக்தியைப் பரப்பிய புனித குளோது தெ லா கொலம்பியேரும் அப்போது இலண்டனில் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டவரே.

இறுதியில் ஓட்ஸ் அரசியின்மீதே கை நீட்டினான். தம் மருத்துவரைக் கொண்டு மன்னருக்கு நஞ்சூட்ட அரசி சம்மதித்தார் என்று பாராளுமன்றத்திலேயே குற்றம் சாட்டினான். அது நிரூபணமாகியிருந்தால் தண்டனை மரணம். மன்னர் தாமே ஓட்சை விசாரித்தார். மாளிகையின் அறைகளைப் பற்றி அவன் உளறிய பொய்கள் வெளிப்பட்டன. மருத்துவர் 1679-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். மன்னர் மனைவியைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டு, அவர்மீது ஒரு துரும்பும் விழாமல் காத்தார். பின்னர் 1685-இல் ஓட்ஸ் பொய்ச்சாட்சிக்காகச் சவுக்கடியும் சிறையும் பெற்றான்.

தம் மறையை மாற்றிக்கொண்டிருந்தால் அரசிக்கு இந்தத் துன்பங்களில் பெரும்பாலானவை வந்திருக்கா. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அரசனின் கடைசி இரவு

இதற்குள் அந்தப் பெரிய சீதனம் என்ன ஆயிற்று? பம்பாயைப் பெற வந்த ஆங்கிலப் படையை, கோவாவின் போர்த்துகீசிய அதிகாரிகள் உடனே உள்ளே விடவில்லை. படைவீரர்கள் கோவாவுக்குத் தெற்கே அஞ்சிதீவில் காத்துக் கிடந்து, நோயில் பெரும்பாலோர் மாண்டனர். அவர்களின் தலைவரும் அங்கேயே இறந்தார். 1665-இல்தான் தீவு கைமாறியது. 1668-இல் மன்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 10 பவுன் குத்தகைக்கு விட்டுவிட்டார்! தாஞ்சியர் துறைமுகம் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் 1684-இல் கைவிடப்பட்டது. ரொக்கமும் சர்க்கரையும் என்றோ கரைந்துபோயின. இருபத்திரண்டு ஆண்டுகளில் சீதனம் மன்னர் கையில் நிலைக்கவில்லை. ஆனால் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத ஒரு சீதனத்தை அரசி கொண்டுவந்திருந்தார். அது 1685-இல் வெளிப்பட்டது.

அவ்வாண்டு பிப்ரவரி மாதம் மன்னர் திடீரென்று நோயுற்றார். கத்தரீன் படுக்கையருகே ஓடிவந்து, துயரம் தாங்காமல் மயங்கி விழ, அவரைத் தூக்கிச் சென்றனர். தாம் ஏதேனும் மனம் நோகச் செய்திருந்தால் மன்னிக்கவேண்டும் என்று அவர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அதைக் கேட்ட மன்னர் கலங்கிப்போய், மன்னிப்புக் கேட்கவேண்டியவன் தானே என்று திருப்பிச் சொல்லியனுப்பினார்.

பிப்ரவரி 5-ஆம் நாள் மாலை, ஆங்கிலிக்கன் ஆயர்களும் பிரபுக்களும் வெளியேற்றப்பட்டனர். பின்படிக்கட்டு வழியாக வயது முதிர்ந்த ஒரு குருவானவர் மாறுவேடத்தில் உள்ளே அழைத்துவரப்பட்டார். அவர் பெயர் ஜான் ஹட்டில்ஸ்டன். புனித ஆசீர்வாதப்பர் சபையினர். 1651-இல் போரில் தோற்றுத் தலைமறைவாக ஓடிய சார்லசைக் காப்பாற்றியவர்களுள் ஒருவர். அரசியின் மாளிகையில் பணியாற்றி வந்ததாலேயே அவர் அன்று கைக்கு எட்டும் தொலைவில் இருந்தார். அவசரத்தில் அவரிடம் நற்கருணை இல்லை. அரசியின் போர்த்துகீசியக் குருக்களில் ஒருவர் விரைந்து சென்று கொண்டுவந்தார். மன்னர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையும் அவஸ்தைப்பூசுதலும் பெற்றார். மறுநாள் இறந்தார்.

அரசி 22 ஆண்டுகள் ஏற்றிவைத்திருந்த விளக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயன்பட்டது. அவர் மாளிகையில் குரு இல்லாதிருந்தால், சிற்றாலயத்தில் நற்கருணை இல்லாதிருந்தால், அந்த இரவில் யாரை எங்கே தேடியிருப்பார்கள்?

லிஸ்பனும் ஓரியூரும்

கைம்பெண்ணான கத்தரீன் சில ஆண்டுகள் இலண்டனிலேயே இருந்தார். 1688-இல் ஆட்சி மாறி, கத்தோலிக்கருக்கு எதிரான காற்று மீண்டும் பலமாக வீசியது. 1692-இல் அவர் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். 1693 ஜனவரி 20-ஆம் நாள், ஏறக்குறைய 31 ஆண்டுகளுக்குப்பின் லிஸ்பன் நகரம் தன் மகளை ஆரவாரத்தோடு வரவேற்றது. தம்பி பேதுரு இப்போது மன்னர்.

அந்த ஜனவரி மாதத்தில் நம் சீமையில் என்ன நடந்துகொண்டிருந்தது? பேதுருவின் பழைய தோழர் அருளானந்தர் 1673-இல் இந்தியா வந்து, காவியுடுத்து, மரக்கறி உண்டு, மதுரை மிஷனில் உழைத்தார். 1686-இல் மங்கலத்தில் பிடிபட்டு, காளையார்கோவில், பாகனேரி என்று இழுத்துச் செல்லப்பட்டுக் கொடிய வேதனைகளை அனுபவித்தார். விடுதலையாகி, சபையின் கட்டளைப்படி ஐரோப்பா சென்றபோது, பேதுரு மன்னர் அவரைத் தம் மகனுக்கு ஆசிரியராக நிறுத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தரோ அரண்மனையை இரண்டாம் முறையும் துறந்து 1690-இல் இந்தியா திரும்பினார்.

மறவ நாட்டுப் பிரபு தடியத்தேவர் நோய் நீங்கிக் கிறிஸ்தவராக விரும்பினார். கிறிஸ்தவனுக்கு ஒரே மனைவி என்பதில் அருளானந்தர் விட்டுக்கொடுக்கவில்லை. 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றார். முதல் மனைவியை மட்டும் மனைவியாகக் கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளாகப் பாதுகாப்பதாகச் சொன்னார். அவர்களுள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப் பெண் கடலாய். அவருடைய கண்ணீரும் உண்மையான கண்ணீரே; அதை நாம் இகழலாகாது. ஆனால் அவருடைய முறையீட்டால் மூண்ட கோபம், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூர் மணலில் அருளானந்தரின் தலையைக் கொய்தது.

கத்தரீன் லிஸ்பனில் கால் வைத்துப் பதினைந்து நாட்களே ஆகியிருந்தன. ஒரே அரண்மனையில் இளமையைக் கழித்த இருவர். மனைவி ஒருத்தியே என்ற நெறி மீறப்பட்ட வீட்டில் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேதனைப்பட்டார். அந்த நெறிக்காகவே மற்றவர் உயிரைக் கொடுத்தார். திருமணம் என்னும் திருவருட்சாதனத்தின் விலை என்னவென்று இவ்விருவரின் வரலாறும் சேர்ந்து நமக்குச் சொல்லுகிறது.

வேதசாட்சியத்தின் செய்தி கடல் கடந்து லிஸ்பனை எட்டியபோது, மன்னர் நன்றி வழிபாடு நடத்தினார் என்றும், அருளானந்தரின் தாயார் துக்க உடையை விலக்கித் திருநாள் உடையில் வந்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். கத்தரீனும் அப்போது போர்த்துக்கல்லில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அந்திமக் காலம்

தாய்நாட்டில் அவர் சும்மா இருந்துவிடவில்லை. லிஸ்பனில் பெம்போஸ்தா என்னும் மாளிகையைச் சிற்றாலயத்தோடு கட்டி அதில் வாழ்ந்தார். 1704-இலும் 1705-இலும் தம்பி நோயுற்றபோது நாட்டின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று, போர்க்காலத்தில் திறமையாக நடத்தினார். இங்கிலாந்து அரண்மனையில் எவரும் ஆலோசனை கேட்காத அந்தப் பெண், 66 வயதில் ஒரு நாட்டை ஆண்டு காட்டினார். தாய் லூயிசாவின் இரத்தம் வீண்போகவில்லை.

1705 டிசம்பர் 31-ஆம் நாள், ஆண்டின் கடைசி நாளன்று, பெம்போஸ்தா மாளிகையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் தம்பி பேதுருவும் மறைந்தார். கத்தரீனின் உடல் முதலில் பெலேம் மடத்திலும், பின்னர் லிஸ்பன் நகரத்துப் புனித வின்சென்ட் ஆலயத்தில் குடும்பத்தாரோடும் அடக்கம் செய்யப்பட்டது.

நமக்குரிய பாடம்

பங்கு மக்களே! 1661-இல் ஐரோப்பாவில் ஒரு பெண்ணோடு ஒரு தீவைச் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1961-இல், நம் பாரத நாடு வரதட்சணைத் தடைச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? நம் நெஞ்சைத் தொட்டு நாமே பதில் சொல்லிக்கொள்வோம். கோவிலில் ஓலை வாசிப்பதற்கு முன்பே வீட்டில் பவுன் கணக்குப் பேசி முடிக்கிறோம். எத்தனை பவுன் என்று கேட்கும் வாய், அந்தப் பெண் செபிக்கத் தெரிந்தவளா, மன்னிக்கத் தெரிந்தவளா என்று கேட்பதில்லை. மாப்பிள்ளை மனைவிக்கு உண்மையாயிருப்பானா என்று பெண்ணைப் பெற்றவர்களும் விசாரிப்பதில்லை.

கத்தரீனின் சீதனத்தில் ரொக்கம் கரைந்தது, துறைமுகம் போயிற்று, தீவு பத்துப் பவுன் குத்தகைக்குப் போயிற்று. பேழையில் வைத்துப் பூட்டமுடியாத விசுவாசம் மட்டும் புகுந்த வீட்டில் கடைசிவரை நின்று, அவ்வீட்டுத் தலைவனையும் நன்மரணத்துக்குக் கொண்டுசேர்த்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவேண்டிய முதல் சீர் அதுவே. நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறவளிடம் நாம் கேட்கவேண்டிய ஒரே சீரும் அதுவே.

ஓரியூருக்குத் திருப்பயணம் போகும்போதெல்லாம், அந்தச் செம்மணலில் முழந்தாளிட்டு அருளானந்தரை வேண்டுகிறோம். இனிமேல் அங்கே, புகுந்த வீட்டில் மனம் வெதும்பும் நம் பெண்மக்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுவோம். இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கில் நடக்கும் ஒவ்வொரு திருமணமும் பேரம் இல்லாத திருமணமாக அமையட்டும்! அமல உற்பவ அன்னையும், புனித அருளானந்தரும் நம் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வார்களாக!